கடையில் நிற்கிற பிள்ளைகள் கேட்பது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது, காலையில் நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். நீ வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னை ஃப்ளோர் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து அப்பா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் அதே போனில் நீ இன்னொன்றும் கேட்டாய். "புதுசா எடுக்கிற பிள்ளைங்க மூணு மாசம் தாண்ட மாட்டேங்குதுங்கம்மா. சம்பளமும் பக்கத்துக் கடைக்குக் குறைச்சல் இல்ல. இவங்களுக்கு என்னதான் வேணும்? நீ கடையில இருந்தவதானே, சொல்லு." நான் வாயைத் திறப்பதற்குள் உன்னை யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாய். வைத்ததும் நல்லதுதான். போனில் சொல்லி முடிகிற விஷயமா இது? அதனால்தான் எழுதுகிறேன். வீக் ஆஃப் அன்று நிதானமாகப் படி.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் நான் சேலை செக்‌ஷனில் 20 வருடங்களுக்கு மேல் இருந்தவள். உன் கடை சூப்பர் மார்க்கெட். அரிசி, பருப்பு, சோப்பு, ஐஸ்கிரீம் என்று சரக்கு வேறு, கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வேறு. ஆனால் நம் பின்வீட்டுப் பெண் இங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். ராத்திரி வந்து திண்ணையில் அவள் பேசுவதைக் கேட்டால், சரக்கு மாறியிருக்கிறதே தவிர மற்றது எதுவும் மாறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளிடமும் உன் கேள்வியைக் கேட்டேன். அவள் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் உட்காருவது. இதைத்தான் முதலில் சொல்வேன், கடைசியிலும் இதையே சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

என் அப்பா காலத்து ஜவுளிக் கடைகளை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். தரை முழுக்க மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. துணி எடுக்க வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள், துணியை விரித்துக் காட்டுகிறவரும் உட்கார்ந்திருப்பார். ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க அரை நாள் ஆகும், யாருக்கும் கால் வலித்ததில்லை. பிறகு கண்ணாடி போட்ட ஷோரூம்கள் வந்தன. வாடிக்கையாளருக்கு ஸ்டூல், எங்களுக்குத் தரை. கடையில் ஒருவரும் இல்லாத மத்தியான வேளையில்கூட மேஜையில் சாயக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். நின்றுகொண்டே இருந்தால்தான் கடைக்கு வருகிறவர்களுக்கு மரியாதை என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். வாடிக்கையாளர் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "நீயும் உட்காரும்மா" என்று ஸ்டூலைத் தள்ளிவிட்ட பாட்டிகளைத்தான் பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர் பார்க்கிறாரே என்று நான்தான் உட்காரமாட்டேன்.

என் கால் நரம்பு முறுக்கிக்கொண்டு நீலமாக இருப்பது உனக்குத் தெரியும். டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைச் சதை சுருங்கி விரிய வேண்டும். நடக்கும்போது அது நடக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் நடப்பதில்லை, ரத்தம் கீழேயே தேங்கி நரம்புக்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்துபோகின்றன. நாள் முழுக்க நடக்கிற தபால்காரரைவிட நாள் முழுக்க நிற்கிறவருக்குத்தான் இது அதிகம் வரும் என்றார். எங்கள் செக்‌ஷனில் வயதான அக்காமார்களில் பாதிப்பேர் காலுக்குத் துணி சுற்றிக்கொண்டுதான் வருவார்கள்.

உன் மாமா மில்லில் வேலை பார்த்தாரே, அவர் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார். மில்லில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு, இடையில் வாய்ப்புக் கிடைத்தால் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கடைகளுக்கான சட்டம் அதற்கும் ஒரு வருடம் முன்னால், 1947இல் வந்தது. அதில் நாற்காலி இல்லை. எங்களுக்கு அது வர 2021 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார், 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். அப்போது நான் வேலையை விட்டு வந்துவிட்டேன். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் செக்‌ஷன் அக்கா ஒருவருக்குப் போன் செய்தேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அதற்கு மூன்று வருடம் முன்பே, 2018இல், கேரளத்தில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தானாக வந்ததில்லை அது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருவில் கடைகளில் நின்ற பெண்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது. தையல் வேலை பார்த்த விஜி என்பவர் 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கி அவர்களைச் சேர்த்தார். முதலில் அவர்கள் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. அந்த வருடம் பிபிசி உலகம் முழுக்கத் தேர்ந்தெடுத்த 100 பெண்களில் விஜியும் ஒருவர். தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகு இங்கே ஒரு கூட்டம் நடந்தது, நானும் போயிருந்தேன். சங்கத்து வக்கீல் ஒருவர் பேசினார். இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்று 1899இலேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். நம்மை ஆண்டவர்கள் தங்கள் ஊரில் செய்துகொண்டதை இங்கே செய்யவில்லை, நாமும் சுதந்திரம் வாங்கி 70 வருடத்துக்கு மேல் செய்துகொள்ளவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். உன் கடையில் பில்லிங் கவுண்டர்களில் எத்தனை நாற்காலி இருக்கிறது? போனமுறை நாங்கள் சென்னை வந்தபோது நீ கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாய். நான் பார்த்த வரையில் ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டு மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்களாம். பொருளை எடுத்துப் போட நமக்கு நேரம் போதாத அளவுக்கு வேகமாகப் பில் போடுவார்கள் ஆன்ட்டி என்கிறாள். உட்கார்ந்தால் வேகம் குறையும் என்று உன் மேலதிகாரி சொன்னால் இதைச் சொல்லு.

நாற்காலி வாங்கி வைத்துவிட்டால் மட்டும் போதாது. பின்வீட்டுப் பெண்ணின் கடையில் சட்டம் வந்ததும் ஸ்டூல் வந்தது. ஸ்டாக் ரூமில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஆபீசர் யாராவது வந்தால் எடுத்துப் போடுவார்களாம். ஸ்டூலில் உட்காரக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தவளைப் பார்த்து சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், மறுநாள் யார் உட்காருவார்கள்? நீ உன் ஃப்ளோரில் நடக்கும்போது உட்கார்ந்திருக்கிற பெண் உன்னைப் பார்த்ததும் பதறி எழுந்திருக்கக் கூடாது. "உட்காரு" என்று நீ சொல்ல வேண்டும், நாலு பேர் காதில் விழும்படி. ஒரு வாரம் சொன்னால் போதும், பழகிவிடும்.

கழிப்பறை விஷயத்தைப் பையனிடம் எப்படி எழுதுவது என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். நாங்கள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அவர் ஆம்பளை. கேட்டால் "இப்பத்தானே போனே" என்பார். மூன்றாவது மாடியிலிருந்து கீழே இறங்கிப் பின்பக்கம் போய் வர வேண்டும், அதற்குள் "எங்க போனா" என்று தேடல் ஆரம்பித்துவிடும். மாதத்தில் அந்த நாட்களில் பட்ட பாட்டை நான் எழுதவில்லை, நீ புரிந்துகொள்வாய். நீர்க்கடுப்பு, கல்லடைப்பு என்று எங்களில் யாராவது ஒருத்தி எப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருப்பாள். இதற்கு முதலாளியின் அனுமதி வேண்டுமா? வேண்டாம். அனுமதி கேட்காமல் போய்விட்டு வரலாம், பக்கத்துக் கவுண்டரில் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று நீ ஒரு காலைக் கூட்டத்தில் சொன்னால் அன்றோடு முடிந்தது.

தம்பி, இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இதுதான். சம்பளம், ஆள் எண்ணிக்கை, எத்தனை மணிக்குக் கடை மூடுவது, இதெல்லாம் மேலே முடிவாகிறது. ஆனால் ஒரு பிள்ளை வேலையை விட்டுப் போகலாமா இருக்கலாமா என்று யோசிக்கிற ராத்திரியில் அதன் மனசில் ஓடுவதில் முக்கால்வாசி ஃப்ளோரில் இருக்கிறவர் கையில் இருக்கிற விஷயம். இப்போது அது உன் கை.

சம்பளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உனக்கே தெரியும். "பக்கத்துக் கடைக்குக் குறைச்சல் இல்ல" என்றாய். பக்கத்துக் கடையிலும் போதாது, அதுதான் சங்கதி. சென்னையில் வாடகை கொடுத்துவிட்டு ஊருக்கு என்ன அனுப்ப முடியும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். உன்னால் சம்பளத்தை உயர்த்த முடியாது. ஆனால் பிடித்தம் சரியாகக் கட்டப்படுகிறதா என்று பார்க்க முடியும். இஎஸ்ஐ என்கிற மருத்துவக் காப்பீட்டுக்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். சம்பளம் 21,000 வரை இருக்கிறவர்கள் எல்லோரும் அதில் வர வேண்டும். பிள்ளைகளுக்கு கார்டு கையில் கிடைத்திருக்கிறதா, எந்த டிஸ்பென்சரி என்று தெரியுமா? எங்கள் கடையில் பிடித்தார்கள், ஆனால் கார்டு எப்படி வாங்குவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. உன் தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கடன் வாங்கித்தான் கட்டினோம்.

நேரத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

மாமாவின் மில்லில் சங்கு ஊதினால் ஷிஃப்ட் முடிந்தது. கையில் இருப்பதை அடுத்த ஷிஃப்ட்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வருவார். எங்களுக்குச் சங்கு கிடையாது. கடைசி வாடிக்கையாளர் போனால்தான் முடிவு. ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கினாலும் உள்ளே ஒரு குடும்பம் பட்டுச்சேலை பார்த்துக்கொண்டிருக்கும். அவர்கள் போன பிறகு அன்று விரித்த சேலைகளையெல்லாம் மடித்து அடுக்க வேண்டும். வாசலில் பையைச் சோதிப்பார்கள், அதற்கு ஒரு வரிசை. பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேரும்போது நீ தூங்கியிருப்பாய். காலையில் நான் கிளம்பும்போது நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாய். மடிக்கிற நேரத்துக்கும் சோதனை வரிசைக்கும் ஒரு பைசா கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீல் அன்று விவரமாகச் சொன்னார், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. காலையில் உள்ளே வந்ததிலிருந்து ராத்திரி வெளியே போகும் வரை, ஓய்வையும் சேர்த்து 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடுதலாக வேலை பார்த்தால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, அது போக உடம்பு சரியில்லாவிட்டால் 12, தற்செயல் விடுப்பு 12. 2019இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று அரசு ஆணை போட்டதே, அதிலும் ஆளுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை சுழற்சியில் கொடுத்தே ஆக வேண்டும் என்றுதான் இருக்கிறது. பெண்களை ராத்திரி 8 மணிக்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் தர வேண்டும். கடை ஓயாமல் திறந்திருக்கலாம், ஆள் ஓய்வில்லாமல் நிற்கக் கூடாது.

பின்வீட்டுப் பெண் சொல்வதைக் கேள். அவளுக்கு வாரம் ஒரு நாள் லீவு உண்டு. ஆனால் எந்த நாள் என்று முதல் நாள் ராத்திரி வாட்ஸப்பில்தான் தெரியும். "நாளைக்கு உனக்கு வீக் ஆஃப்" என்று பத்து மணிக்கு வந்தால் அதை வைத்து அவள் என்ன செய்வாள்? பல் டாக்டரிடம் நேரம் வாங்க முடியாது, மகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போக முடியாது. துணி துவைத்துத் தூங்கி எழுந்திருப்பதற்குள் அந்த நாள் போய்விடுகிறது. மாதத்துக்கு இன்னும் ஆயிரம் ரூபாய் வேண்டுமா, டியூட்டி லிஸ்ட் பதினைந்து நாள் முன்னால் வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "லிஸ்ட் கொடுத்தா போதும்க்கா" என்றாள். பணக்கஷ்டம் இருக்கிற பெண் அப்படிச் சொன்னாள் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

பண்டிகை. ஊருக்கெல்லாம் தீபாவளி வருவதற்கு ஒரு மாதம் முன்பே எங்களுக்கு வீக் ஆஃப் ரத்தாகிவிடும். தீபாவளிக்கு முதல் நாள் விளக்குத்தூண் பக்கம் எப்படியிருக்கும் என்று உனக்கே தெரியும், விடிய விடியக் கூட்டம். நான் வீட்டுக்கு வரும்போது தெருவில் வெடிச்சத்தம் ஆரம்பித்திருக்கும். அம்மா வந்துதான் எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று நீ சட்டையைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாய். உனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு நான் படுத்தால் எழுந்திருக்கும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். உன் சின்ன வயதுத் தீபாவளி மத்தியானம் எதையும் நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முன்னால் கடை நிறைந்துதான் இருக்கும், அதை மாற்ற முடியாது என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. இந்த வருடம் தீபாவளி ராத்திரி நின்றவர்களுக்குப் பொங்கலுக்கு முதல் உரிமை கொடு. ரம்ஜானுக்கு யாருக்கு லீவு வேண்டும், கிறிஸ்துமஸுக்கு யாருக்கு வேண்டும் என்று முன்பே கேட்டு எழுதி வை. கடைசிவரை நின்ற பெண்களை ஹாஸ்டல் வரையோ பஸ் ஸ்டாண்ட் வரையோ வண்டியில் அனுப்பு. வண்டிக்கு மேலே கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும், அதற்காகச் சண்டை போடு. அது போட வேண்டிய சண்டை.

பிடித்தம் பற்றி ஒன்று. கல்லாவில் பணம் குறைந்தால் பில் போட்டவள் தலையில், ஸ்டாக் குறைந்தால் செக்‌ஷன் முழுக்கப் பங்கு போட்டு, தேதி முடிந்த பிஸ்கட் அலமாரியில் இருந்தால் அடுக்கியவன் தலையில் என்று மாதக் கடைசியில் கழித்துவிடுகிறார்களாம். ஒருவருடைய கவனக்குறைவால் நஷ்டம் வந்தது என்றால்கூட அவரிடம் விளக்கம் கேட்ட பிறகுதான் பிடிக்க வேண்டும். யார் செய்தது என்று தெரியாமல் எல்லோரிடமும் பிடிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பணத்தைவிட அது உண்டாக்குகிற மனக்கசப்பு பெரிது. நம்மைத் திருடர்கள் என்று நினைக்கிற இடத்தில் யார் மனசு ஒட்டி வேலை பார்ப்பார்கள்? வாசலில் பையைச் சோதிக்கத்தான் வேண்டுமென்றால் மேனேஜர் பையையும் சோதிக்கட்டும். நீ உன் பையை முதலில் திறந்து காட்டு.

இனி நான் சொல்லப் போவதை எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்க முடியாது. வாடிக்கையாளர் எதிரில் திட்டுவது. ஓர் அம்மா எங்கள் செக்‌ஷனில் ஐம்பது சேலை விரிக்கச் சொல்லிவிட்டு, "இந்தப் பொண்ணுக்குக் காட்டவே தெரியல" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, சோறுதானே திங்கிற?" என்றார். எனக்கு அப்போது நாற்பது வயது. அந்த அம்மா எதுவும் எடுக்காமலேதான் போனார். என்னைத் திட்டியதால் விற்றுவிடவில்லை. வாடிக்கையாளர் எப்போதும் சரி என்று உங்களுக்கு டிரெயினிங்கில் சொல்லியிருப்பார்கள். வாடிக்கையாளர் தவறாகப் பேசினால் நடுவில் வந்து நிற்பது உன் வேலை. பிள்ளை மேல் தப்பு இருந்தால் உள்ளே கூப்பிட்டுச் சொல், வெளியே சொல்லாதே.

கை நீட்டுகிற வாடிக்கையாளரும் உண்டு, இரட்டை அர்த்தத்தில் பேசுகிற சூப்பர்வைசரும் உண்டு. பத்துப் பேர் வேலை பார்க்கிற எந்த இடத்திலும் பாலியல் தொல்லையை விசாரிக்கப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013இல் சட்டம் வந்துவிட்டது. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் கடையில் அந்தக் குழுவில் யார் யார் என்று உன்னிடம் வேலை பார்க்கிற பெண்களில் ஒருத்தியைக் கேட்டுப் பார். அவளுக்குத் தெரியாவிட்டால் குழு இல்லாத மாதிரிதான்.

இன்னொன்று, இதைப் பலர் கேட்கவே மாட்டார்கள், ஏனென்றால் கேட்கலாம் என்றே தோன்றாது. எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நாள் முழுக்க ஜனங்களோடு நிற்கிறவர்கள் நாங்கள். எது வேண்டும் என்று வந்து, இல்லை என்று திரும்பிப் போகிறார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும். சரக்கு எடுக்கிறவர் சூரத்துக்குப் போவார், பனாரஸுக்குப் போவார், எங்களைத் தாண்டித்தான் போவார், ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஒரே ஒரு சூப்பர்வைசர் கொஞ்ச காலம் இருந்தார். அவர் மட்டும் ராத்திரி மடிக்கிற நேரத்தில் ஒரு நோட்டோடு வந்து, "இன்னிக்கு எதை இல்லைன்னு சொன்னீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். வயதானவர்கள் கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி கேட்கிறார்கள், நம்மிடம் அச்சடித்ததுதான் இருக்கிறது என்று நான் சொன்னேன். மதுரையில் ஜவுளிக் கடை வைத்துக்கொண்டு சுங்குடி இல்லை என்பதா என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வந்தது. வந்த வேகத்தில் போனது. அந்த மாதம் நான் வேலைக்குப் போன உற்சாகம் வேறு மாதிரி இருந்தது. அவருக்கு இது ஒரு செலவும் வைக்கவில்லை. அவர் போன பிறகு நோட்டும் போய்விட்டது.

உன் பிள்ளைகளிடமும் நிறைய இருக்கும். எந்தத் தராசு தகராறு செய்கிறது, எந்த அலமாரி எட்டாத உயரத்தில் இருக்கிறது, ஆன்லைன் ஆர்டருக்குச் சாமான் எடுக்க ஓடும்போது எந்த இடத்தில் டிராலி முட்டுகிறது, இதெல்லாம் உன் கம்ப்யூட்டரில் வராது. சிசிடிவியிலும் தெரியாது. மேலேயிருந்து கேமராவைப் பார்த்துக்கொண்டு "அங்க ரெண்டு பேர் நின்னு பேசறாங்க" என்று போன் போடுகிற மேனேஜராக இருக்காதே. கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டால் கடை கவிழ்ந்துவிடாது. அந்தப் பேச்சுதான் பல பேரை அந்த நாளைக் கடத்த வைக்கிறது. என்னை அத்தனை வருடம் அங்கே இருக்க வைத்தது எங்கள் செக்‌ஷன் அக்காமார்கள்தான்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய் என்று நான் சொல்லவில்லை. உனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், உனக்கும் டார்கெட் இருக்கிறது, உன் வேலைக்கும் பயம் இருக்கும். அதைத் தெரியாமல் எழுதவில்லை. ஆனால் டியூட்டி லிஸ்ட் நீ போடுவது. கழிப்பறைக்குப் போக அனுமதி வேண்டாம் என்பது நீ சொல்வது. யாரை எப்படிக் கூப்பிடுகிறாய் என்பது உன் வாய். இந்த மூன்றையும் இந்த வாரமே தொடங்கலாம். நாற்காலிக்கு மேலே எழுதிப் போடு. எழுதும்போது 22-ஏ என்று பிரிவையும் குறிப்பிடு. பிரிவு எண்ணைப் பார்த்தால் பதில் எழுத வேண்டியிருக்கும், சும்மா தள்ளிவைக்க முடியாது. மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு அப்படியே அனுப்பு. அந்த வக்கீலின் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு நீ எப்போது வருகிறாய் என்று அப்பா தினமும் கேட்கிறார். உன் ஃப்ளோருக்கு லிஸ்ட் போட்டு முடித்துவிட்டு, மிச்சமிருக்கிற நாளில் உனக்கு எது கிடைக்கிறதோ அதைச் சொல். மாட்டுப் பொங்கல் கழிந்து வந்தாலும் சரிதான், கரும்பு இருக்கும். அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா